கல்லுக்குள் சிறைப்பட்ட துளி

எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்த அத்திப்பட்டுப் பக்கத்தில் நெடுங்காலமாக உப்பளங்கள் இருந்து வந்தன. துறைமுகமும் அனல் மின்நிலையங்களும் எழுந்தபின் அவற்றின் பரப்புச் சுருங்கிவிட்டது. உப்பளப் பாத்தியில் விளைந்த கல்லுப்பு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அது கண்ணாடியைப் போல் முழுதும் தெளிவாக இராது. இடையிடையே பால் படிந்தாற்போன்ற வெண்மை காணப்படும். அது அழுக்கன்று. படிகம் விரைந்து வளரும்போது அதன் முகத்தில் நுண்ணிய குழிகள் விழுகின்றன. அடுத்துப் படியும் உப்பு அக்குழிகளை மூடிவிடுகிறது. மூடும்பொழுது பாத்தியில் நின்ற உவர்நீரில் ஒரு சிறு பங்கு உள்ளே அகப்பட்டுக்கொள்கிறது. அத்தகைய துளிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒளியைச் சிதறடிப்பதனால்தான் உப்பு வெளுத்துத் தோன்றுகிறது. வீடுகளில் திருஷ்டி சுற்றிய உப்பை அடுப்பில் போட்டதும் அது படபடவென்று வெடிப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கண்ணேறு கழிந்ததோ இல்லையோ, உப்பினுள் அடைபட்ட நீர் ஆவியாகிச் சுவரை உடைத்துக்கொண்டு வெளிவந்தது என்பது மட்டும் உறுதி.

பாத்தியில் ஒரு சில நாட்களில் நடக்கும் இந்தச் செயல், பூமியின் ஆழத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடந்து வருகிறது. இராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்களில் சிலவற்றின் குறுக்கே வெள்ளை நரம்பு ஒன்று ஓடுவதைக் காணலாம். அது பெரும்பாலும் வெங்கச்சங்கல். நிலநூலார் அதனைக் குவார்ட்ஸ் என்பர். தூய குவார்ட்ஸ் நிறமற்றது. நரம்பில் அது பால்வெள்ளையாக இருப்பதற்கும் உப்பின் வெண்மைக்கும் காரணம் ஒன்றே. பாறை பிளந்தபோது அப்பிளவின் வழியே வெந்நீர் ஓடிற்று. அந்நீரில் கரைந்திருந்த பொருள் படிகமாக இறுகிற்று. இறுகும்போது நீரிலும் வாயுவிலும் சில துளிகள் உள்ளே சிறைப்பட்டன. இவற்றைப் பாய்ம உட்பொதிவுகள் என்று நூல்களில் எழுதுகிறார்கள். இந்தப் பேச்சில் நாம் சிறைத்துளி என்று எளிமையாகவே சொல்லிக்கொள்வோம். ஒரு சிறைத்துளியின் அளவு வழக்கமாக 5 முதல் 20 மைக்ரான். தலைமயிர் ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிறிய துளிக்கும், எரிவாயு எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்ற பெரிய கேள்விக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

வடசென்னைக்கு இந்தக் கேள்வி அயலானதன்று. மணலியில் 1965-ஆம் ஆண்டு சென்னைச் சுத்திகரிப்பு நிறுவனம் அமைக்கப்பட்டு, 1969-இல் எண்ணெய் சுத்திகரிக்கத் தொடங்கிற்று. அந்நிறுவனமே பின்னர், 1993-இல், நாகப்பட்டினத்தை அடுத்த பனங்குடியில் காவிரிப் படுகையின் நரிமணம் எண்ணெய்க்கென ஒரு சிறிய ஆலையை அமைத்தது. எண்ணூரில் 2019-ஆம் ஆண்டு இந்தியாவின் கிழக்குக் கரையிலேயே முதலாவதாக, திரவ இயற்கை வாயுவை இறக்குமதி செய்யும் நிலையம் திறக்கப்பட்டது. அங்கே கப்பலில் வந்து சேரும் பொருள் பெரும்பாலும் மீத்தேன். அதனை ஏறத்தாழ 162 டிகிரி சென்டிகிரேடு பூச்சியத்துக்குக் கீழே குளிர்வித்தால் திரவமாகி, வாயுவாக இருந்த கன அளவில் 600-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஒவ்வொன்றும் 1,80,000 கனமீட்டர் கொள்ளும் இரண்டு பெருந்தொட்டிகளில் அதனைத் தேக்கி வைக்கிறார்கள். மீத்தேனைக் குளிர்வித்தால் திரவமாகும் என்ற இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் அது நமக்கு மீண்டும் வேண்டியிருக்கும்.

இனி, அந்த வாயு பிறக்கும் இடத்துக்கு வருவோம். ஏரியிலும் கடலிலும் படிந்த மெல்லிய சேறு, மேலே மேலே வண்டல் அழுத்த அழுத்த இறுகிக் களிப்பாறையாகிறது. ஆங்கில வழக்கைப் பின்பற்றி ஷேல் என்றும் இதனைச் சொல்வர். அச்சேற்றோடு புதைந்த பாசியும் தழையும் ஆழம் மிகுந்து வெப்பம் ஏறும்போது முதலில் எண்ணெயாகவும், மேலும் வெப்பம் ஏறினால் வாயுவாகவும் மாறுகின்றன. பூமிக்குள் கிலோமீட்டருக்குச் சராசரியாக 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடுகிறது. பிறந்த வாயுவில் ஒரு பகுதி மேலேறி மணற்பாறைகளில் தங்குகிறது. பழைய எண்ணெய்க் கிணறுகள் தேடியது அதைத்தான். மீதி, பிறந்த களிப்பாறையிலேயே தங்கிவிடுகிறது. அதுவே ஷேல் வாயு. அமெரிக்க நாட்டில் அதனை எடுக்கும் வழி கைவந்தபின், அவ்வாயு உலகச் சந்தைக்கு வந்தது. 2018 மார்ச்சில் அங்கிருந்து புறப்பட்ட ஒரு கப்பல் மகாராஷ்டிரத்தின் தாபோல் துறையில் வந்து நின்றது. நம் நாட்டிலேயே மேற்கு வங்காளத்தில், துர்க்காபூருக்கு அருகிலுள்ள இச்சாபூரில், எண்ணெய் இயற்கை வாயுக் கழகம் தோண்டிய கிணற்றில் 2011 ஜனவரியில் ஏறத்தாழ 1,700 மீட்டர் ஆழத்தில் களிப்பாறையிலிருந்து வாயு வெளிப்பட்டது. ஆயினும் பேரளவான உற்பத்தி இந்தியாவில் இன்னும் தொடங்கவில்லை.

களிப்பாறை இருந்தால் மட்டும் போதாது. அதில் வாயு பிறந்திருக்க வேண்டும். பிறந்த வாயு ஓடிப்போகாமலும் இருந்திருக்க வேண்டும். பத்துக் கோடி ஆண்டுகள் என்பது வாயு கசிந்து தீர்வதற்குப் போதிய காலம். பாறை மேலெழுந்திருக்கலாம், மேலே மூடியிருந்த அடுக்குகள் அரித்துப் போயிருக்கலாம், பிளவுகள் ஊடறுத்திருக்கலாம். இன்றைய பாறையைப் பார்த்து மட்டும் இவற்றை அறிய முடியாது. பாறையின் வரலாறு தெரிய வேண்டும். அவ்வரலாற்றுக்குச் சான்று கூறும் சாட்சிகளில் சிறைத்துளியும் ஒன்று.

துளியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியவர் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி. அவருக்கு முன்பே, 1822-இல், ஹம்ஃப்ரி டேவி குவார்ட்ஸ் படிகங்களைத் துளைத்து உள்ளிருந்த நீரையும் வாயுவையும் ஆராய்ந்திருந்தார். சார்பி கேட்ட கேள்வி வேறு. துளிகள் பலவற்றில் நீரோடு ஒரு சிறு குமிழும் இருப்பதை அவர் கண்டார். அக்குமிழ் எங்கிருந்து வந்தது? நீர் சூடாக இருந்தபோது குழி முழுவதையும் நிரப்பியிருந்தது. பாறை ஆறியபோது படிகத்தைவிட நீர் அதிகமாகச் சுருங்கிற்று. சுருங்கியதால் ஏற்பட்ட இடமே குமிழாயிற்று. அப்படியானால் அத்துளியை மீண்டும் சூடாக்கினால் எந்த வெப்பநிலையில் குமிழ் மறைகிறதோ, குறைந்தது அந்த வெப்பத்திலாவது படிகம் வளர்ந்திருக்க வேண்டும். 1858-இல் வெளியான அவருடைய கட்டுரையின் உயிர்நாடி இதுதான். மலையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதாவது என்று அக்காலத்தில் பலர் நகைத்தனர். சார்பி சொந்தச் செல்வத்தில் ஆராய்ச்சி செய்தவர். எவருடைய ஒப்புதலையும் எதிர்பார்க்க வேண்டிய நிலையில் அவர் இல்லை. அது அறிவியலின் நற்பேறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்றும் அடிப்படை முறை அதுவே. கிணற்றிலிருந்து எடுத்த பாறைத்துண்டை மெல்லிய தகடாக அறுத்து, இருபுறமும் கண்ணாடிபோல் மெருகிடுகிறார்கள். தகட்டை ஒட்டுவதற்குச் சூடாக்கி உருக்கும் பிசினைப் பயன்படுத்துவதில்லை. குளிர்ந்த நிலையிலேயே இறுகும் பசைதான் வேண்டும். இல்லையேல் அளக்கப் புகுமுன்பே சாட்சியைக் கெடுத்ததாகும். பின்னர் நுண்ணோக்கியின் கீழ் ஒரு சிறிய மேடையில் தகட்டை வைத்து, கீழிருந்து சூடேற்றுகிறார்கள். குமிழ் சுருங்கி, துள்ளித் துள்ளி, ஒரு கணத்தில் மறைந்துவிடும். அந்தக் கணத்தின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு திரவ நைட்ரஜனைச் செலுத்தித் துளியை உறையவைத்து, மெல்ல மெல்ல உருக்குகிறார்கள். தூய நீர்ப்பனி பூச்சியத்தில் உருகும். உப்பு மிகுந்தால் அதற்குக் கீழேயே உருகிவிடும். கடல்நீர்ப் பனி பூச்சியத்துக்கு ஏறத்தாழ 2 டிகிரி கீழே உருகுகிறது. ஆகவே, பனியின் கடைசித் துணுக்கு எப்போது கரைந்தது என்று பார்த்தால், கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பிளவில் ஓடிய நீரின் உவர்ப்பு எவ்வளவு என்று நாவில் வைக்காமலே சொல்லிவிடலாம்.

களிப்பாறை மிக நுண்ணிய துகள்களால் ஆனது. அதன் உடலில் அளக்கத்தக்க துளி கிடைப்பது அரிது. ஆனால், வாயு பிறக்கும்போது உள்ளே அழுத்தம் பெருகிப் பாறையே வெடிப்பதுண்டு. அவ்வெடிப்புகளில் கால்சைட்டும் குவார்ட்ஸும் படிந்து நரம்புகளாகின்றன. இந்நரம்புகளில் இரண்டு வகைத் துளிகள் அருகருகே சிறைப்பட்டிருக்கும்: ஒன்று உவர்நீர், மற்றொன்று ஏறத்தாழத் தூய மீத்தேன். மீத்தேன் துளி சாதாரண வெப்பத்தில் இருண்ட ஒரு புள்ளியாகத் தெரியும். அதில் குமிழ் இராது. எண்ணூர்த் தொட்டியை இப்பொழுது நினைவுக்குக் கொண்டு வாருங்கள். மேடையைக் குளிர்விக்கக் குளிர்விக்க, பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 83 டிகிரியைத் தாண்டியதும், அத்துளியினுள்ளும் திரவ மீத்தேனும் ஆவியும் இரண்டாகப் பிரிகின்றன. கப்பலில் வந்த வாயுவுக்கு நிகழ்ந்ததுதான் இங்கும் நிகழ்கிறது. ஆனால் இங்கே மூடிய அறைக்குள் அழுத்தம் மிகுதி. மீண்டும் மெல்லச் சூடாக்கி, இரண்டும் எந்த வெப்பநிலையில் ஒன்றாகின்றன என்று பார்க்கிறார்கள். அடர்த்தி மிகுந்த மீத்தேன் திரவமாக விரிந்து அறையை நிரப்பும். அடர்த்தி மிக மிக, அது ஒன்றாகும் வெப்பநிலை இன்னும் கீழே இறங்கும். இவ்வாறு மீத்தேனின் அடர்த்தி தெரிந்துவிடுகிறது.

இவ்விரு துளிகளும் சேர்ந்துதான் முழுச் சான்று தருகின்றன. அருகிலிருக்கும் நீர்த்துளி வாயுவால் நிறைவுற்றிருந்தமையால், அதன் குமிழ் மறையும் வெப்பநிலையையே சிறைப்பட்ட காலத்து வெப்பநிலையாகக் கொள்ளலாம். மீத்தேனின் அடர்த்தி தெரியும். அதன் வெப்பநிலையும் தெரியும். அவ்விரண்டும் தெரிந்தால் அழுத்தத்தைக் கணக்கிட்டுவிடலாம். இது கல்லூரி மாணவர்கள் வாயுவிதிகளில் செய்யும் கணக்கே. உயர்ந்த அழுத்தத்துக்கு ஏற்பச் சற்றுத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு சொல்கிறேன். பாறை 3,000 மீட்டர் ஆழத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் நீருக்கு ஏறத்தாழ ஓர் அட்மாஸ்பியர் வீதம், நீர்க்கம்பத்தின் அழுத்தம் 300 அட்மாஸ்பியர் இருக்க வேண்டும். துளி 600 என்று சொன்னால் என்ன பொருள்? பிறந்த வாயு வெளியேற வழியின்றி நெருக்குண்டு கிடந்தது என்று பொருள். அப்பாறை அக்காலத்தில் நன்றாக மூடப்பட்டிருந்தது. இன்று கிணற்றில் அளக்கும் அழுத்தம் நீர்க்கம்பத்தின் அளவுக்கே இறங்கியிருந்தால், இடைக்காலத்தில் வாயு கசிந்துவிட்டது என்று ஐயுற வேண்டும்.

சீன நாட்டின் சிச்சுவான் படுகையில் இவ்வாராய்ச்சி விரிவாக நடந்திருக்கிறது. 2012-இல் அங்கே ஃபூலிங் பகுதியில் சைலூரியன் காலத்துக் களிப்பாறையிலிருந்து பேரளவில் வாயு வெளிப்பட்டது. அந்த வயலில் இன்றைய அழுத்தமே நீர்க்கம்பத்தின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதன் நரம்புகளில் கிடைத்த மீத்தேன் துளிகளோ, ஆழப் புதைந்திருந்த காலத்தில் அழுத்தம் இன்னும் மிகுதியாக இருந்தது என்று காட்டுகின்றன. பாறை மேலெழுந்தபோது ஓரளவு வாயு போயிற்று, பெரும்பங்கு தங்கிற்று. அதே களிப்பாறை, படுகையின் விளிம்பில் பெரும் பிளவுகள் ஊடறுத்த இடங்களில் அழுத்தமும் இழந்து, வாயுவும் குன்றிக் கிடக்கிறது. ஒரே காலத்தில் படிந்த ஒரே சேறுதான். அதன் பின்வரலாறுதான் வேறு.

காலத்தையும் துளி சொல்லுமா என்று கேட்கலாம். நேரே சொல்லாது. ஆயினும் ஒரு படுகையில் எந்தக் காலத்தில் எவ்வளவு வண்டல் படிந்தது என்று தெரிந்தால், பாறை எப்போது எவ்வளவு ஆழத்திலும் வெப்பத்திலும் இருந்தது என்று ஒரு கோடு வரையலாம். துளியின் வெப்பநிலை அக்கோட்டை எங்கே வெட்டுகிறதோ அதுவே சிறைப்பட்ட காலம். இதில் ஒரு சிக்கல் உண்டு. பாறை இறங்கும்போது ஒரு முறையும் ஏறும்போது ஒரு முறையும் அதே வெப்பநிலையைக் கடக்கிறது. எது என்று தீர்மானிக்க, நரம்புகளில் எது எதனை வெட்டிச் செல்கிறது என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பொறுமை என்று சொன்னேன். இத்துறையில் அதுதான் விலையுயர்ந்த கருவி. படிகம் வளரும்போதே அடைபட்ட துளி ஒரு வகை. படிகம் பின்னொரு காலத்தில் விரிசல்கண்டு, அவ்விரிசல் ஆறும்போது அடைபட்ட துளி வேறு வகை. இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால், பாட்டனின் பிறந்த ஆண்டையும் பேரனின் பிறந்த ஆண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தது போலாகும். கால்சைட் மெல்லிய கனிமம். சற்று அதிகமாகச் சூடுபட்டாலும் உள்ளறை விரிந்து துளி பொய்கூறத் தொடங்கும். பனியாக உறையும் நீரும் விரிந்து சுவரைத் தள்ளும். ஆதலால் அத்தகைய படிகத்தில் சூடேற்றும் சோதனையை முதலிலும் உறையவைக்கும் சோதனையைப் பிறகும் செய்வதே முறை. புறஊதா ஒளியில் எண்ணெய்த் துளிகள் மஞ்சளாகவும் நீலமாகவும் ஒளிர்வது காணக் கவர்ச்சியான காட்சி. நீலம் இலேசான எண்ணெய், மஞ்சள் கனமான எண்ணெய் என்று சொல்வது வழக்கம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவு கட்டுவது தவறாகலாம் என்று ஆராய்ச்சியாளர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

துளியை உடைக்காமல் உள்ளிருப்பது மீத்தேன்தான் என்று எவ்வாறு தெரிந்துகொள்வது? இதற்கு விடை தந்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர வேங்கட ராமன். 1928 பிப்ரவரியில், கல்கத்தாவில், கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு அவர் கண்ட ஒளிச்சிதறல் விளைவு, ஒவ்வொரு மூலக்கூறுக்கும் அதற்கே உரிய அடையாளத்தைத் தருகிறது. 1970-களில் அக்கருவியை நுண்ணோக்கியோடு இணைத்தனர். இன்று லேசர்க் கதிர் ஒன்றைத் துளியின்மேல் குவித்தால், மீத்தேன் 2,917 என்ற அலையெண்ணுக்கு அருகில் தன் கோட்டைக் காட்டுகிறது. அழுத்தம் கூடக் கூட அக்கோடு சில எண்கள் கீழே நகர்கிறது. அந்நகர்வை அளந்தே அடர்த்தியைச் சொல்லிவிடலாம். திருவனந்தபுரத்திலுள்ள தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையத்தில் இதற்கான கூடம் இருக்கிறது. மும்பைக் கடற்பகுதிக் கிணறுகளின் பாறைகளில் எண்ணெய்த் துளிகளை அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள்.

சென்னைக்கு மிக அருகில் கிடைக்கும் ஒரு பாறையும் இந்நூலில் புகழ்பெற்றது. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் காணும் கருங்கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜோப் சார்னாக் என்பவரின் கல்லறைமேல் அக்கல்லைக் கண்ட நிலநூலார் ஹாலந்து, 1893-இல் அப்பெயரை இட்டார். தென்னிந்தியச் சார்னோக்கைட்டுகளின் சிறைத்துளிகளில் நீருக்குப் பதிலாக அடர்ந்த கரியமிலவாயுவே மிகுதி. பூமியின் ஓட்டின் அடிப்பகுதியில் அப்பாறை உருவான விதத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் விவாதம் நடப்பதற்கு அத்துளிகளே காரணமாயின.

மாணவ நேயர்களே, தமிழ்நாட்டின் களிப்பாறைகளின் நிலை என்ன? சென்னைக்கு மேற்கே பாலாற்றுப் படுகையில் ஸ்ரீபெரும்புதூர்க் களிப்பாறை இருக்கிறது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இலைகளின் பதிவுகள் அதில் காணப்படுகின்றன. அப்படுகையில் வாணிப அளவில் எண்ணெயோ வாயுவோ இதுவரை எடுக்கப்படவில்லை. தெற்கே காவிரிப் படுகையில் நிலைமை வேறு. இந்திய நிலப்பகுதி அண்டார்க்டிக்காவிலிருந்து பிரிந்தபோது பள்ளங்களும் மேடுகளுமாகப் பிளந்த நிலம் அது. பள்ளங்களின் அடியில் ஆண்டிமடம் அடுக்கின் களிப்பாறை தடித்துப் படிந்திருக்கிறது. நரிமணத்தின் எண்ணெயும் குத்தாலத்தின் வாயுவும் அப்படுகையின் செல்வங்கள். மாதானத்தில் வண்டலுக்கும் அடியிலுள்ள ஆதிப்பாறையின் விரிசல்களிலேயே எண்ணெய் கிடைத்தது. உலகின் ஷேல் வாயு இருப்புகளை அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை மதிப்பிட்டபோது, இந்தியாவில் கணக்கிட்ட நான்கு படுகைகளில் காவிரியும் ஒன்று.

களிப்பாறையிலிருந்து வாயு எடுப்பதற்கு நிறையக் கிணறுகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் பெருமளவு நீரைச் செலுத்திப் பாறையைப் பிளக்க வேண்டும். காவிரியின் கடைமடையில் நீரின் அருமையை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். உழவர்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பின், 2020 பிப்ரவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றிற்று. ஷேல் வாயு உட்பட, எண்ணெயும் இயற்கை வாயுவும் எடுப்பதற்கான புதிய பணிகளை அம்மண்டலத்தில் அச்சட்டம் தடுக்கிறது. முன்பே நடந்து வருபவை தொடர்கின்றன. அந்நிலத்தில் விளையும் நெல்லை எண்ணிப் பார்க்கும்போது, அம்முடிவில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஆனால் ஒரு பக்கத்தார் அடியில் பெருஞ்செல்வம் கிடக்கிறது என்றும், மற்றொரு பக்கத்தார் ஒன்றுமில்லை என்றும் பேசும்போது, இரு பக்கத்தாரும் ஊகத்தையே அளக்கிறார்கள். ஆண்டிமடக் களிப்பாறையில் பிறந்த வாயு அங்கேயே நிற்கிறதா, மேலுள்ள மணற்பாறைகளுக்கு ஏறிவிட்டதா, கடலடிப் பிளவுகளின் வழியே போய்விட்டதா என்பது ஆராய்ந்து அறியத்தக்க கேள்வி. அதற்குப் புதிதாக ஒரு கிணறும் வெட்ட வேண்டியதில்லை. 1960-களில் காரைக்காலில் தொடங்கி இன்றுவரை அப்படுகையில் தோண்டிய கிணறுகளிலிருந்து உருளை உருளையாகப் பாறை மாதிரிகள் எடுக்கப்பட்டுள்ளன. அவற்றில் வெள்ளை நரம்பு ஓடும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு ஒரு தகடு கிடைத்தால் சோதனையைத் தொடங்கிவிடலாம்.